நேரம் இல்லையா நண்பா? - வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கை



நம் கல்லூரியில் அதிகம் பேசப்படும் வார்த்தை எது என்று ஒரு சர்வே எடுத்தால், முதல் பரிசு எதற்குக் கிடைக்கும் தெரியுமா? டைம் இல்லைடா மச்சி என்பதற்குத்தான்! ரெக்கார்டு நோட் எழுத டைம் இல்லை. டிராயிங் ஷீட் முடிக்க டைம் இல்லை. அரியர் பேப்பருக்குப் படிக்க டைம் இல்லை. ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதையே ஒரு மணி நேரம் பேசுவதற்கு மட்டும் டைம் எங்கிருந்தோ வந்துவிடும்.

அடுத்தவனைச் சொல்வானேன்? என் கதையையே சொல்கிறேன். எங்கள் ஊர் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமம். விடியற்காலை எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, முதல் பஸ்ஸைப் பிடித்து ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்தால்தான் முதல் பீரியடுக்கு அட்டெண்டன்ஸ். சாயங்காலம் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்றால் தக்காளித் தோட்டத்தில் பறிப்பு இருக்கும். நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். கோயிலுக்கு வாடா கண்ணு என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவார்கள். நேரம் இல்லம்மா என்று நானும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வேன். ராத்திரி வீட்டு ஜெபத்திலும் என் இடம் காலியாகவே இருக்கும். பாடப் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கிப் போயிருப்பேன்.

இந்த நிலையில்தான் போன வருடம் என் அத்தைக்கு வேலூரில் ஒரு ஆபரேஷன் நடந்தது. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேலூர் ஒன்றும் புதிதில்லை. பெரிய நோய் என்றால் கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கு பஸ் ஏறுவது நமக்குத் தாத்தா காலத்துப் பழக்கம். அத்தையை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டு போகும் முன் அங்கிருந்தவர்கள் சற்று நின்று, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் செய்தார்கள். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். இவர்களுக்கு இதற்கு எப்படி நேரம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை நலமாகத் திரும்பி வந்தார்கள். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு பஸ் ஏறி தர்மபுரிக்கே வந்துவிட்டது.

விசாரித்துப் பார்த்ததில், அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு அம்மா இருப்பது தெரிந்தது. அவர்தான் டாக்டர் ஐடா சோபியா ஸ்கடர். தென்னாட்டிலேயே அவரைவிட நேரமில்லாத மனுஷி இருந்திருப்பாரா என்பது சந்தேகம். அவரது வாழ்க்கையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கக் குழந்தை

ஐடா பிறந்தது 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, ராணிப்பேட்டையில். பெற்றோர் டாக்டர் ஜான் ஸ்கடர், சோபியா அம்மையார். அவருடைய தாத்தாவின் பெயரும் ஜான் ஸ்கடர்தான். நியூயார்க்கில் நன்றாக நடந்துகொண்டிருந்த டாக்டர் தொழிலை விட்டுவிட்டு 1819இல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அமெரிக்காவிலிருந்து அயல்நாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனெரி என்று அவரைச் சொல்வார்கள். பின்னால் சென்னைக்கும் வந்து ஊழியம் செய்தார். அவருடைய பிள்ளைகளும் இந்தியாவிலேயே ஊழியம் செய்தார்கள். ஆற்காடு மிஷன் என்ற அமைப்பு உருவானது இந்தக் குடும்பத்தால்தான்.

ஐடா சிறு பிள்ளையாக இருந்தபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கி எடுத்த பஞ்சம் அது. அன்றைக்கு நம் தர்மபுரி, சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. சேலம் ஜில்லாவையும் அந்தப் பஞ்சம் கடுமையாகத் தாக்கியது. நம் கொள்ளுத் தாத்தாக்களின் தாத்தாக்கள் பார்த்த பஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பசியால் எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலை சின்ன ஐடாவுக்கும் கிடைத்தது. அந்தக் காட்சிகள் அவள் மனசில் ஆழமாகப் பதிந்தன. ஆனால் எப்படிப் பதிந்தன தெரியுமா? இந்த நாட்டுக்கு நாமும் உழைக்க வேண்டும் என்று அல்ல. இந்தக் கஷ்டமே வேண்டாம், எங்கேயாவது போய்விட வேண்டும் என்றுதான்!

1878இல் குடும்பம் அமெரிக்கா போனது. சில ஆண்டுகள் கழித்துப் பெற்றோர் மகளை அங்கேயே உறவினர் வீட்டில் விட்டுவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பெற்றவர்களைப் பிரிந்து அந்தப் பெண் அழுத அழுகை கொஞ்சமல்ல. மிஷனெரி வேலை என்பது தன் அப்பா அம்மாவைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட வேலை என்றே அவளுக்குத் தோன்றியது. பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த பெண்கள் பள்ளியில் படித்தாள். நான் மட்டும் மிஷனெரி ஆக மாட்டேன் என்பதில் ஐடா உறுதியாக இருந்தாள். நல்ல உடை, நல்ல வீடு, சிரிப்பும் விளையாட்டுமான வாழ்க்கை, இவைதான் அவள் ஆசை. நம்மைப் போலவே சாதாரண ஆசைகள்தான், நண்பர்களே. இதில் தப்பு ஒன்றும் இல்லை.

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி

1890இல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் ஐடா வந்தாள். அப்போது அப்பா திண்டிவனத்தில் இருந்தார்.

ஒரு நாள் இரவு விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். யாரோ வந்து கூப்பிட்டார்கள். ஒரு பிராமண இளைஞர். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை பிறக்காமல் தவிக்கிறாள், உடனே வர வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றாள் ஐடா. அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தன் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வைத்தியம் பார்ப்பதை அந்தக் குடும்ப வழக்கம் ஏற்காது. திரும்பிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் இன்னொருவர் வந்தார். ஒரு இஸ்லாமியர். அதே பிரச்சினை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்தார். இவர் ஒரு இந்து. இவரும் ஆண் டாக்டரை அழைத்துப் போக சம்மதிக்கவில்லை.

அந்த இரவு ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. படிக்கப் போனாலும் மனசு ஒட்டவில்லை. ராத்திரி முழுவதும் ஜெபத்திலும் போராட்டத்திலும் கழிந்தது. இந்த நாட்டில் தங்க மாட்டேன் என்ற அவளுடைய பிடிவாதம் ஒரு பக்கம். அப்பாவின் கையில் மருந்து இருந்தும், பெண் டாக்டர் இல்லாத ஒரே காரணத்தால் சாகக் கிடக்கும் மூன்று பெண்கள் மறு பக்கம். விடியும் நேரம் சாவு மேளச் சத்தம் கேட்டது. ஆளை அனுப்பி விசாரித்தார்கள். மூன்று பெண்களுமே இறந்து போயிருந்தார்கள்.

நண்பர்களே, இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். பெண் உயிருக்கு மதிப்பு குறைவாக இருந்த காலத்தை நாமும் அறிவோம். பெண் சிசுக் கொலைக்கு நம் மாவட்டத்தின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்ட வருடங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்தில் செத்துப்போன அந்த மூன்று பெண்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுடைய சாவுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. காலையில் பெற்றோரிடம் போய், நான் அமெரிக்கா திரும்பி டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், படித்துவிட்டு இந்தப் பெண்களுக்காக இங்கேயே வருவேன் என்று சொல்லிவிட்டாள்.

கடவுளுக்கு நேரம் கொடுப்பது என்று நாம் பேசுகிறோமே, அது ஐடாவுக்கு அந்த ஒரு ராத்திரியில் தொடங்கியது. அரைமணி நேரம் கொடுக்கலாமா, ஒருமணி நேரம் கொடுக்கலாமா என்ற கணக்கே அங்கே எழவில்லை. ஆயுள் முழுவதையும் கேட்ட கேள்வி அது.

பத்துக்குப் பன்னிரண்டு அறை

1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நியூயார்க்கில் உள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறினார். 1899இல் டாக்டர் பட்டம் பெற்றார். புறப்படும் முன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்ட நிதி திரட்டினார். ஷெல் என்ற வங்கியாளர் காலமான தன் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார்.

1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தோழி ஆனி ஹான்காக்குடன் ஐடா இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவிடம் கொஞ்ச காலம் கூட இருந்து தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். ஆனால் அதே வருடம் மே மாதத்தில் அப்பா இறந்துபோனார். புது டாக்டர், கையில் அனுபவம் இல்லை, பக்கத்தில் கேட்டுக்கொள்ள ஆள் இல்லை. ஜனங்களுக்கோ ஒரு சின்னப் பெண்ணை நம்பி உயிரைக் கொடுக்கத் தயக்கம். முதல் கேம்பஸ் இன்டர்வியூவில் நமக்கு ஏற்படும் நடுக்கத்தைப் பத்தாகப் பெருக்கிக்கொள்ளுங்கள்!

பங்களாவில் இருந்த பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றுதான் முதல் டிஸ்பென்சரி. சிவில் மாணவர்களுக்குச் சொல்கிறேன், 120 சதுர அடி. நம் ஹாஸ்டல் ரூம் மாதிரி என்று வையுங்கள். வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்மணிதான் நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம். ஆரம்பத்தில் ஆள் வரவில்லை. பிறகு வர ஆரம்பித்தார்கள். வந்தார்கள் என்றால் எப்படி? இரண்டே ஆண்டுகளில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம்! 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதிலும் டாக்டர் ஒருவர்தான். பிரசவம் பார்ப்பதும் அவர், ஆபரேஷன் செய்வதும் அவர், வேலை செய்கிற பெண்களுக்குக் கற்றுக் கொடுப்பதும் அவர்.

இந்த ஓட்டத்தில் ஜெபத்துக்கு எங்கே நேரம்? என்னைக் குடைந்த கேள்வி இதுதான். அம்மையார் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. விடியற்காலை ஊர் விழிக்கும் முன் வேதாகமத்துக்கும் ஜெபத்துக்கும் தன் நேரத்தை ஒதுக்கிக்கொண்டார். அதன் பிறகு நாள் முழுவதும் ஜெபத்துக்கென்று வேலையை விட்டு ஓடவில்லை. வேலையின் இடுக்குகளிலேயே அதை வைத்துவிட்டார். கத்தியைக் கையில் எடுக்கும் முன் ஒரு ஜெபம். மருத்துவமனையின் நாள் தொடங்கும் முன் கூடி ஒரு ஆராதனை. அவ்வளவுதான். என் அத்தைக்கு முன்னால் நான் பார்த்த அந்த ஒரு நிமிஷத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

புதன்கிழமை வண்டி

மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்து ஜனங்களை என்ன செய்வது? நாமே போவோம் என்று கிளம்பினார் அம்மையார். 1906இல் மாட்டுவண்டியில் தொடங்கிய சாலையோர வைத்தியம், 1909இல் ஒரு பெஜோ கார் வந்த பிறகு வேகம் எடுத்தது. ஒற்றை சிலிண்டர் கொண்ட பிரெஞ்சுக் கார். மெக்கானிக்கல் நண்பர்கள் அதன் சத்தத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். பிசாசு வருகிறது என்று பயந்து ஜனங்கள் வயலில் இறங்கி ஓடினார்களாம்! போகப் போக அதே சத்தத்துக்காக ஜனங்கள் மரத்தடியில் காத்துக்கிடந்தார்கள்.

புதன்கிழமைதோறும் குடியாத்தம் ரோட்டில் வண்டி கிளம்பும். மரத்தடிக்கு மரத்தடி நிறுத்தம். ஒரு பக்கம் புண் கட்டுவார்கள், கண் வலிக்கு மருந்து விடுவார்கள், பல் பிடுங்குவார்கள், சீழ் கட்டியைக் கீறுவார்கள். ஊருக்குள் விடாமல் ஒதுக்கப்பட்ட தொழுநோயாளிகளுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது. இன்னொரு பக்கம், காத்திருக்கும் ஜனங்களுக்குக் கூட வந்த பெண்கள் இயேசுவின் கதையைச் சொல்வார்கள். கேட்க விருப்பம் உள்ளவர் கேட்கலாம். கேட்காதவருக்கும் மருந்து உண்டு. இரவாகித்தான் வண்டி வீடு திரும்பும்.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. ஆலயத்துக்குப் போவது, ஜெபம் செய்வது இவை மட்டும்தான் கடவுளுக்குக் கொடுத்த நேரம், மற்றதெல்லாம் நம் சொந்த நேரம் என்று நாம் கோடு போட்டு வைத்திருக்கிறோம். டிராயிங் ஷீட்டில் மார்ஜின் போடுவது மாதிரி. ஐடா அம்மையாரின் ஷீட்டில் அந்தக் கோடே இல்லை. புதன்கிழமை மரத்தடியும் அவருக்கு ஒரு ஆராதனைதான். அதற்காக விடியற்காலை ஜெபத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. செய்கிற வேலையே எனக்கு ஜெபம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இது ஒரு சின்ன குட்டு!

பெண்களால் படிக்க முடியுமா?

தான் ஒருத்தி எத்தனை பேருக்குப் பார்க்க முடியும் என்ற எண்ணம் அம்மையாருக்கு வந்தது. 1909இல் நர்சிங் பயிற்சி தொடங்கினார். அடுத்து, இந்தியப் பெண்களையே டாக்டராக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அதிகாரிகளுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பெண்கள் சேருவார்களா, சேர்ந்தாலும் பாஸ் பண்ணுவார்களா என்று சந்தேகப்பட்டார்கள். 1918 ஆகஸ்டு 12ஆம் தேதி, கவர்னர் பெண்ட்லண்டு பிரபு வேலூரில் பெண்கள் மருத்துவப் பள்ளியைத் திறந்து வைத்தார். எல்.எம்.பி. என்ற டிப்ளமோ படிப்பு அது. ஆம் நண்பர்களே, டிப்ளமோதான்! பட்டப்படிப்புக்காரர்களுக்கு முன்னால் கூச்சப்படுகிற நம் ஆட்கள் இதை நன்றாகக் கவனிக்கவும்.

முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. ஆண்களே மொத்த மொத்தமாக ஃபெயிலாகும் தேர்வு. வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் பாஸ்! ஒருவர் பாக்கியில்லை. அரியர் என்ற சொல்லே அந்த அணிக்குத் தெரியாது போல. 1922இல் முதல் அணி டாக்டர்களாக வெளியே வந்தது.

அந்த வருடங்களில் அம்மையார் பிரின்சிபால், சர்ஜன், ஆசிரியை, நிதி திரட்டுபவர், கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பவர் எல்லாமே. அப்படியும் மாணவிகளுக்கு வேதாகம வகுப்பைத் தானே எடுத்தார். வேறு யாரிடமாவது ஒப்படைத்திருக்கலாம். யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அறுவை சிகிச்சை கற்றுக் கொடுப்பது எவ்வளவு முக்கியமோ, அந்தக் கை யாருக்காக, எந்த மனசோடு வேலை செய்ய வேண்டும் என்று கற்றுக் கொடுப்பதும் அவ்வளவு முக்கியம் என்று நினைத்தார். பிறரிடம் ஊழியம் வாங்குவதற்காக வரவில்லை, ஊழியம் செய்யவே வந்தோம் என்ற கருத்தில் அமைந்ததுதான் கல்லூரியின் குறிக்கோள். மாற்கு சுவிசேஷத்திலிருந்து எடுத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மையார் சதா நேரமும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தவர் அல்ல. டென்னிஸ் என்றால் உயிர். அறுபது வயசைத் தாண்டியும் இளசுகளைத் தோற்கடிக்கும் ஆட்டம். கோடை வந்தால் கொடைக்கானலுக்குப் போய் ஓய்வெடுப்பார். வேலை, ஜெபம், விளையாட்டு, ஓய்வு என்று எல்லாவற்றுக்கும் அவர் நாளில் இடம் இருந்தது. வீணாகப் போகிற நேரத்துக்குத்தான் இடம் இல்லை.

எழுபது வயசில் வந்த சோதனை

1920களில் தோட்டப்பாளையத்தில் பெரிய மருத்துவமனை எழுந்தது. 1932இல் பாகாயத்தில் கல்லூரி வளாகம் வந்தது. இனி ஓய்வுதான் என்று நினைக்கும்போது இடி விழுந்தது. எல்.எம்.பி. டிப்ளமோவை நிறுத்திவிட்டு இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான் என்று 1937 வாக்கில் அரசு முடிவு செய்தது. அதற்குப் பெரிய லேப், பெரிய மருத்துவமனை, உயர்ந்த படிப்புப் படித்த பேராசிரியர்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணம் வேண்டும். முடியாவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான்.

நாற்பது வருட உழைப்பு கண்ணெதிரே கலையப் போகிறது. அம்மையாருக்கு வயசு எழுபதை நெருங்குகிறது. இதுபோதும் ஆண்டவரே என்று கொடைக்கானலில் உட்கார்ந்துவிட்டிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் உட்காரவில்லை. 1941இல் அமெரிக்கா போனார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். ஆண்களையும் கல்லூரியில் சேர்த்தால்தான் எல்லாத் திருச்சபைகளின் உதவியும் கிடைக்கும் என்ற நிலை வந்தது. பெண்களுக்காகத் தொடங்கியதை இப்படி மாற்றலாமா என்று நெடுநாள் தோழிகள் சிலரே கோபித்துக்கொண்டார்கள். அது அவருக்குப் பெரிய வேதனை. என்றாலும் கல்லூரி பிழைக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

எவ்வளவு அவசரமோ அவ்வளவு அதிகம் ஜெபம் வேண்டும் என்பது அம்மையாரின் வாழ்க்கை சொல்லும் கணக்கு. நாம் போடும் கணக்கு இதற்கு நேர் எதிர். பரீட்சை நெருங்க நெருங்க முதலில் வெட்டுவது ஜெபத்தைத்தான். ஆனால் ஹால் டிக்கெட் வாங்கியதும் ஓடிப்போய்க் கும்பிடுவோம்!

அம்மையார் 1960ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். வயது 89. உடலை வேலூருக்குக் கொண்டு வந்தார்கள். ஊரே திரண்டு வழியனுப்பியது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அன்று வேலூர்த் தெருக்களில் இல்லை. திண்டிவனத்தில் கதவைத் தட்டியவர்களும் ஒரே மதத்தவர் இல்லையே!

பபிள் நடுவில் நிற்கட்டும்

நான் சிவில் மாணவன். சர்வே பிராக்டிகலில் முதல் நாள் எங்கள் டீம் பண்ணிய கூத்தைச் சொல்லி முடிக்கிறேன். சீக்கிரம் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். ட்ரைபாடை விரித்தோம், டம்பி லெவலை மாட்டினோம், மடமடவென்று ஸ்டாஃப் ரீடிங் எடுக்க ஆரம்பித்தோம். பக்கம் பக்கமாக எழுதிவிட்டோம். வாத்தியார் வந்து பார்த்தார். பபிள் நடுவில் இல்லை. ஃபூட் ஸ்க்ரூவைத் திருகி லெவல் பண்ண அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடித்ததால் ரெண்டு மணி நேர வேலை குப்பை. அத்தனை ரீடிங்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எடுத்தோம். பஸ்ஸும் போயாச்சு!

ஐடா அம்மையாரின் விடியற்காலை ஜெபம் எனக்கு இப்போது அப்படித்தான் தெரிகிறது. அது நாளிலிருந்து கழிக்கப்பட்ட நேரம் அல்ல. நாளை லெவல் பண்ணிய நேரம். பபிள் நடுவில் நின்றதால்தான் அறுபது வருடம் அவர் எடுத்த ரீடிங் தப்பாகவில்லை.

நான் ஒன்றும் ஒரே நாளில் மாறிவிடவில்லை நண்பர்களே. பொய் சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை தக்காளி பறிப்பு இன்னும் இருக்கிறது, ரெக்கார்டு நோட் இன்னும் பாக்கி. ஆனால் பாலக்கோட்டு பஸ்ஸில் காலையில் உட்கார இடம் கிடைத்தால் முதல் பத்து நிமிஷம் சின்ன வேதாகமத்தைத் திறக்கிறேன். இடம் கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டே மனசுக்குள் ஜெபிக்கிறேன். லேபில் மெஷினைத் தொடும் முன் ஒரு விநாடி கண்ணை மூடுகிறேன். பக்கத்தில் இருப்பவன் தூங்குகிறேன் என்று நினைத்துக் கிள்ளுகிறான், அது வேறு விஷயம். ஞாயிறு பறிப்பை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கலாமா என்று போன மாதம் அப்பாவிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்றார். நான்தான் இத்தனை வருடமாகக் கேட்கவே இல்லை! கோயிலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த என்னை அம்மா ஒன்றும் கேட்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

நீங்கள் எந்த மதமாகவும் இருங்கள். தொழுகையோ, பூஜையோ, தியானமோ, ஜெபமோ, உங்கள் நாளுக்கும் ஒரு லெவலிங் வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பருக்கும் சொல்கிறேன்: நாம் யாருக்காக உழைக்கிறோம் என்று தினம் ஐந்து நிமிஷம் நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் நம் கதவையும் யாராவது தட்டுவார்கள். அன்றைக்கு எழுந்து போகிற மனசு நம்மிடம் இருக்க வேண்டும். அந்த மனசுக்கான நேரத்தை இன்றே ஒதுக்குவோமா, நண்பர்களே?

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்